வரப்பில் வேறொரு இடது கால்

எங்கள் ஏம்பலம் பக்கத்தில் யாராவது திருட்டுத்தனமாக மடையைத் திறந்துவிட்டால், வரப்புச் சேற்றைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். ஒவ்வொருவர் காலும் அத்தனை பழக்கம்.

என் இடது கணுக்கால் வருடக்கணக்காகப் பிசகிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைப் பிடித்திருக்கும் தளர்ந்த தசைநாரை இழுத்து இறுக்கித் தைத்தார்கள். பிசகுவது நின்றது. ஆனால் கால் விறைத்துப்போய், பாதத்தின் வெளியோரம் மரத்துவிட்டது. "நரம்புல லேசா அடிபட்டிருக்கு, சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாலை, முதன்முதலாக வெறுங்காலோடு வயலைச் சுற்றி வந்தேன். மறுநாள் காலையில் போனால் மடை உடைந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். என் வலது காலின் தடம் தெரிந்தது. என் இடது கால் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம், உள்பக்கம் மட்டும் ஆழமாக அழுந்திய வேறு யாருடைய காலோ இருந்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டேன்.

"எவன் காலுணா இது? எங்கூடவே நடந்து வந்திருக்கான் பாருணா!"

அவர் உடைந்த இடத்தைக் கிளறி நண்டு வளையைக் காட்டினார். பிறகு தடத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"மடைய ஒடச்சது நண்டுபா. நேத்து இங்க நீ மட்டுந்தான வந்த? அதுல உன் கால வையி."

வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. சேற்றின் குளிர்ச்சி உள்பக்கத்தில் மட்டும் ஏறியது.

இந்த ஊரில் எல்லோர் காலும் எனக்குத் தெரியும். என் வலது காலோடு வீடு வரை நடந்து வந்த அந்த ஒற்றைக் காலைத் தவிர.