அக்கா கேட்ட ஒரு கல் உப்பு

அக்காவின் முப்பத்தோராம் நாளன்று நாங்கள் வெளியிட்ட நினைவு மலர் உங்களில் பலரிடம் இன்னும் இருக்கும். அதன் மூன்றாம் பக்கத்தில், "தம்பியின் கண்ணும் கருத்துமான பராமரிப்பில் ஒரு குறையுமின்றி வாழ்ந்து, சிறிது காலம் சுகவீனமுற்று இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவன் நான். ஓராண்டுத் திவசத்துக்கு இன்னொரு மலர் எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அந்த ஒரு வரியைத் திருத்துவதற்குத்தான்.

அக்கா பிறந்தது உயிலங்குளத்தில். ஐயா பாம்பு கடித்து இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. அம்மா அதோடு படுக்கையில் விழுந்தார். ஆண் துணையில்லாமல் வயல் செய்ய முடியாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மன்னார்த் தீவுக்கு வந்து உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தார். பாத்தியில் இறங்கி நின்று, பலகையால் உப்பை இழுத்துக் குவித்து, கூடையில் அள்ளித் தலையில் சுமக்கும் வேலை. வெடித்த காலோடு அந்தத் தண்ணீரில் இறங்குவது எப்படியிருக்கும் என்று அவர் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருடம் அப்படி நின்றார். "நீ படிச்சு முடி, பிறகு என்ரை விசயத்தைப் பாப்பம்" என்பார். நான் படித்து, ஆசிரியராகி, எனக்குத் திருமணமும் முடிந்தது. அதன்பிறகு அக்காவின் விசயத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் உடற்கல்வி ஆசிரியன். வெள்ளாங்குளம் தொடங்கி ஐந்து பள்ளிக்கூடங்களில், கழுத்தில் விசிலோடு முப்பது வருடம் நின்றிருக்கிறேன். ஓடி முடித்த பிள்ளை ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தால், "நல்லது, உடம்பு பழகுது" என்று சொல்கிற வாத்தியார். என்னிடம் படித்தவர்கள் இதை வாசிக்கும்போது சிரிப்பார்கள். தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரையும் காலையில் நடக்க வைத்தவன் நான். அந்த நேரம் அக்கா வாசற்படலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். போகிறவர்களை மறித்துக் கேட்பார்.

"எங்கை போறியள்?"

"நடக்கப் போறம், அக்கா."

"அது தெரியுது. எங்கை?"

ஒழுங்கையே சிரிக்கும். உடற்பயிற்சி பற்றியும் சாப்பாடு பற்றியும் அவருக்கு இப்படிச் சில கருத்துகள் இருந்தன. ஏற்றுக்கொண்டவர்கள் ஒருவரும் இல்லை. போக இடமில்லாமல் நடப்பது காலுக்குச் செய்யும் அநியாயம் என்பார். நான் காய்ச்சிக் கொடுத்த ஓட்ஸை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைச் சுவருக்குப் பூசினால் மழைக்கு நிக்கும்" என்றார். போத்தலும் கையுமாகத் திரிபவர்களைக் கண்டால், "தாகமில்லாமல் மாடுகூடக் குடிக்காது" என்பார். முக்கியமாக ஒன்று சொல்வார். "வேர்க்கிற உடம்பு உப்புக் கேக்கும். கேட்டால் குடுக்க வேணும்." வெயிலில் நின்று முப்பத்தைந்து வருடம் உப்பு வாரியவர் சொன்னது அது. படிப்பறிவில்லாத பேச்சு என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஊரையே நடக்க வைத்தவனின் அக்கா படலையடியில் குண்டாய் உட்கார்ந்திருப்பது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

அறுபத்தெட்டு வயதில் கிளினிக்கில் பார்த்தபோது அக்காவுக்குப் பிறஷர் கூடியிருந்தது. சிறுநீரோடு தண்ணீரை இறக்கும் ஒரு குளிசை தந்தார்கள். "உப்பைக் குறையுங்கோ அம்மா, மெல்ல மெல்ல நடவுங்கோ" என்று டொக்டர் சொன்னார். குறையுங்கோ என்றுதான் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன், என் காதிலும் பழுதில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

அன்று பின்னேரமே குசினியிலிருந்து உப்புப் போத்தல் போனது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் போயின. தண்ணீர் குடித்தால் உடம்பிலுள்ள கழிவெல்லாம் போகும் என்று கைத்தொலைபேசியில் ஒருவர் பேசிக் கேட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று நானே முடிவு செய்தேன். காலையும் மாலையும் பெரிய பாலம் வரை நடை. எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, பிறிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "டொக்டர் இவ்வளவு சொல்லேல்லையே" என்றார். "டொக்டருக்கு நேரமில்லை, எனக்கு நேரமிருக்கு" என்றேன்.

அதோடும் விடவில்லை. ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், "அக்காவுக்கு உப்புப் போட்ட ஒண்டும் குடுக்காதேங்கோ" என்று சொல்லிவைத்தேன். "மாஸ்டர் சொன்னால் சரிதான்" என்றீர்கள். என்மீது நீங்கள் வைத்திருந்த மரியாதை அது. இந்தக் கதையில் அந்த மரியாதைக்கும் பங்குண்டு.

முதல் மாதம் அக்காவின் உடம்பு வற்றியது. எல்லோரும் மெச்சினீர்கள். அப்போது எடுத்த படத்தைத்தான் சென்ற மலரின் அட்டையில் போட்டோம். அந்தக் கன்னங்களை இன்னொரு முறை பாருங்கள். இந்த மலருக்கு வேறு படம் தேடினேன்.

இரண்டாம் மாதம் காலையில் வாந்தி வருவதுபோல் ஓங்காளிக்கத் தொடங்கினார். கழிவு போகிறது என்றேன். தலையிடிக்கிறது என்றார். உடம்பு பழகுகிறது என்றேன். ஒருநாள் என் மனைவியை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயது என்றேன். நடக்கும்போது ஒருபக்கமாய்ச் சாய்ந்தார். நான் கைதட்டி "இடது, வலது" என்று சொல்லிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தப் பதில்கள்தான் எனக்குப் பயத்தைத் தருகின்றன.

அந்தச் சமயத்தில் முஸ்லிம்களின் நோன்பு மாதம் தொடங்கியது. எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஹாஜரா ராத்தாவின் வீடு இருக்கிறது. எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறாம் ஆண்டில் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து குடியேறியவர். வந்த முதல் வருடமே அவருக்கும் அக்காவுக்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. நோன்போடு இருக்கும் ராத்தா தான் காய்ச்சும் கஞ்சியை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அதனால் பின்னேரம் ஒரு தூக்குச்சட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேலியடிக்கு வருவார். "உப்புச் சரியோ பார்" என்பார். அக்கா குடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு கல்லுப் போடு" என்றோ "சரி" என்றோ சொல்வார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் நோன்பு திறப்பார்கள். உப்பைப் பற்றி இந்த ஊரில் அக்காவிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ராத்தாவுக்கும் நான் தடை சொல்லியிருந்தேன். ஆனால் நோன்பு தொடங்கி நாலைந்து நாளில் அக்கா தெளிந்துவிட்டார். ஓங்காளம் இல்லை, தலையிடி இல்லை, பேச்சில் பழைய நக்கலும் வந்துவிட்டது. "பாத்தீங்களோ, பழகீட்டுது" என்று ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

ஒரு பின்னேரம் கடைக்குப் புறப்பட்டவன் பணப்பையை மறந்து திரும்பி வந்தேன். பின்வேலியடியில் அக்கா தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். சட்டி நிறையக் கஞ்சி இருந்தது. உப்புப் பார்ப்பதற்கு அவ்வளவு தேவையில்லை.

"ராத்தா, நீங்கள் என்ரை அக்காவைக் கொல்லுறியள்" என்றேன்.

"தம்பி, அவ கேட்டவ. வாய் திறந்து கேக்கிற ஆளுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

சட்டியைப் பறித்து, நோன்போடு நின்ற அந்த மனுசிக்கு முன்னால் கஞ்சியை மணலில் ஊற்றினேன். "இனி இந்த வளவுப் பக்கம் வராதேங்கோ" என்று வெறுஞ்சட்டியைக் கொடுத்தேன். ராத்தா அதை வாங்கிக்கொண்டு திரும்பினார். அக்கா சிறுபிள்ளைபோல, "ஒரு கல்லுத்தானே தம்பி, ஒரு கல்லு உப்பு" என்றார்.

அதன்பின் அக்கா நடமாடியது பதினொரு நாள்.

பத்தாம் நாள் மாலை, பாலத்துக்குப் போகும் வழியில், உப்பளத்துக்குப் பக்கத்தில் அக்கா நின்றுவிட்டார். தென்னங்கிடுகால் மூடிய உப்புக் குவியல்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வரம்பில் குனிந்து, மண்ணோடு ஒட்டிக் கிடந்த உப்பை நகத்தால் கிளப்பி வாய்க்குக் கொண்டுபோனார். நான் அந்தக் கையில் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அடிப்பதுபோலத்தான் அடித்தேன். என்னை வளர்த்த கை அது. உப்பு கீழே விழுந்தது. அக்கா அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு நடந்தார்.

மறுநாள் காலை ஒரு போத்தல் தண்ணீர் முடித்த பிறகு புறப்பட்டோம். படலையைத் தாண்டியதும் அக்கா கேட்டார்.

"தம்பி, எங்கை போறம்?"

பழைய பகிடி என்று நினைத்தேன். "நடக்கப் போறம்" என்று சிரித்தேன்.

"எங்கை போறம்?"

மூன்றாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறையும் சிரித்தேன். அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறார் என்று எந்தக் குழந்தைக்கும் விளங்கியிருக்கும். சந்தியைத் தாண்டும்போது வலிப்பு வந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் விபரம் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவ?"

"அஞ்சு லீற்றர். ஒரு சொட்டும் குறையாது" என்றேன். அந்த நேரத்திலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

"உப்பு?"

"ரெண்டரை மாதமாய் ஒரு கல்லும் இல்லை." கஞ்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரத்தத்திலை உப்பு மோசமாய் இறங்கியிருக்கு, ஐயா. குளிசையும் குடுத்து, உப்பையும் முழுசாய் நிப்பாட்டி, இவ்வளவு தண்ணியும் குடுத்தால் மூளை வீங்கும். குறைக்கச் சொன்னால் குறைக்கிறது. இல்லாமல் செய்யிறதில்லை. ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

அக்காவின் கையில் ஊசி ஏற்றி, உப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டார்கள். நான் மணலில் ஊற்றியது அவருடைய உடம்புக்குள் எண்ணி எண்ணி இறங்கியதை மூன்று நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அக்கா கண் திறக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே உப்பை அள்ளிப் போடாதீர்கள். குளிசையை நிறுத்தாதீர்கள். நடப்பதையும் விடவேண்டாம், நானும் நடக்கிறேன். ஆனால் என்னிடம் இன்றைக்கு ஒரு கருத்து இருக்கிறது. அக்காவின் கருத்துகளைப்போல இதையும் ஒருவரும் விரும்பமாட்டீர்கள். ஒருவர் தனக்கு ஏலாது என்று சொல்லும்போது, அதைச் சோம்பல் என்று சொல்ல இன்னொருவனுக்கு உரிமையில்லை. அவன் எவ்வளவு அன்பானவனாக இருந்தாலும் இல்லை.

இன்னொன்று. பிறிட்ஜ் கதவில் ஒட்டிய அந்தத் தாளை அந்த நாட்களில் போட்டோப் பிரதி எடுத்து நாற்பது பேருக்குக் கொடுத்தேன். உயிலங்குளத்துக்கும் போனது, வெளிநாட்டுக்கும் படமாய்ப் போனது. கிழித்துவிடுங்கள் என்று இந்த ஒரு வருடமாகச் சொல்லி வருகிறேன். "மாஸ்டர் துக்கத்திலை கதைக்கிறார்" என்கிறார்கள். சென்ற வாரம் காலையில் என்னைத் தாண்டிப் போன ஒருவர் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நடந்தார். கையில் போத்தல் இருந்தது. நிறுத்திக் கேட்டேன். "ஒண்டுமில்லை மாஸ்டர், உடம்பு பழகுது" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றே அவருடைய மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவர்களுடைய பிறிட்ஜில் என் கையெழுத்து இன்னும் ஒட்டியிருந்தது. எத்தனை வீட்டில் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இனி நன்றி. மூன்று நாளும் முகம் சுளிக்காமல் அக்காவைத் துடைத்துத் திருப்பிப் படுக்கவைத்த தாதிமாருக்கும், பந்தல் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிய ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் முன்னதாக நான் நன்றி சொல்லவேண்டியவர் ஹாஜரா ராத்தா. அக்காவை எடுத்த அன்று அவர் வளவுக்குள் வரவில்லை. வராதேங்கோ என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? படலைக்கு வெளியே, நோன்போடு, வெயிலில், கடைசிவரை நின்றார்.

சென்ற மாதம்தான் அவருடைய வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"என்னிலையும் பிழைதான் தம்பி" என்றார். "ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்தனான். முன்படலையாலை வந்து உங்களோடை சண்டை பிடிச்சிருக்க வேணும்."

பிறகு, "இந்த நோன்புக்கு உப்புப் பாக்க எனக்கு ஆளில்லை" என்றார்.

அக்காவின் திவசம் இம்முறையும் நோன்பு மாதத்தில்தான் வருகிறது. இதை எழுதும்போது நோன்பு தொடங்கி மூன்று நாள். மூன்று பின்னேரமும் தூக்குச்சட்டி முன்படலையால் வந்தது. மூன்று பின்னேரமும் ஒரு வாய் குடித்துவிட்டு, சரியா இல்லையா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். ராத்தா வெயிலில் காத்துக்கொண்டு நின்றார். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளிலும் அவர் வருவார், "உப்புச் சரியோ பாருங்கோ தம்பி" என்பார். என்னை நம்பித்தான் கேட்கிறார்.