இரண்டு பேருக்கு ஒரு வீடு: பூங்காநகரிலிருந்து சாந்தோம் வரை

ரங்கூனிலிருந்து திரும்புகிறவர்கள் சென்னையில் எங்கே தங்கலாம் என்று கேட்டு எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. சென்ற ஐப்பசியில் ஒரே நாளில் நான் அலைந்த வழியை இங்கே எழுதிவிடுகிறேன். வருகிறவர்களுக்கு உதவும்.

ரங்கூனில் பதினெட்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். சிறு வயதிலேயே விதவையான என்னைக் கல்லூரியில் படிக்கவைத்து அங்கே அழைத்துப் போனவன் என் தம்பி. அவன் மா கின் என்ற பர்மியப் பெண்ணை மணந்துகொண்டான். மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு நானும் மா கின்னும் ஒரே ஸ்டீமரில் ஏறி வந்தோம்.

பூங்காநகரில் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். சத்திரங்களில் மூன்று நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள், இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலை கணக்குப்பிள்ளை, மாலை ஆறு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்குள் வீடு கிடைக்காவிட்டால் இரண்டு டிரங்குப் பெட்டியோடு நாங்கள் தெருவில்.

ஏழரைக்கு மயிலாப்பூர் டிராம். ஆளுக்கு ஓரணா, முக்கால் மணி நேரம். கிளம்புவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். மா கின்னுக்கு என் புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, "நீ திருநெல்வேலிப் பக்கம். தொண்டை கட்டியிருக்கிறது. வாயைத் திறக்காதே" என்றேன். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். "சரி அக்கா" என்று தலையை ஆட்டினாள்.

மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு வீட்டின் பின்கட்டு காலியாக இருந்தது. மாதம் பன்னிரண்டு ரூபாய். வீட்டுக்கார மாமி கோத்திரம் கேட்டாள், சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நம்மவாதானே, பேஷா வந்து இருங்கோ. கிணத்துல தண்ணி கல்கண்டாட்டம் இருக்கும். உக்காருங்கோ, காபி கொண்டு வரேன்."

டம்ளரை நீட்டினாள். மா கின் வலது கையால் வாங்கி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். பெரியவர்களிடம் எதையும் அப்படித்தான் கொடுப்பார்கள், வாங்குவார்கள், அவள் ஊரில். பேச்சை அடக்கச் சொன்ன எனக்குக் கையை அடக்கச் சொல்லத் தோன்றவில்லை.

"ஏன் கையைப் பிடிச்சுண்டு வாங்கறா? சுளுக்கா?"

"ஆமாம், ஸ்டீமர்ல வழுக்கிட்டா" என்றேன்.

மாமி விளக்கெண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்து அந்த முழங்கையை நீவ ஆரம்பித்தாள். பதமாக, பெற்ற பெண்ணுக்குச் செய்வதைப்போல. மா கின் என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, சுளுக்கு இல்லை" என்றேன். "இவள் பர்மாக்காரி. என் தம்பி பெண்டாட்டி."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து தள்ளி நின்றாள்.

"நீங்க மட்டும்னா இப்பவே சாவி தரேன். இவளை எங்கேயாவது அனாதை ஆசிரமத்துல சேத்துடுங்கோ. நான் தலை முழுகிட்டுத்தான் இனிமே உள்ளே போகணும். அந்த டம்ளரைக் கிணத்தடியில கவுத்துடுங்கோ."

மா கின் பாதி குடித்து வைத்த டம்ளரை எடுத்தேன். மாமி பார்க்கும்படி வாய்வைத்து மிச்சத்தைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. "என் எச்சிலும் சேர்ந்துவிட்டது, நானே கவிழ்த்துவிடுகிறேன்" என்று சொல்லி, கவிழ்த்துவிட்டு வெளியே வந்தோம்.

லஸ்ஸில் ஒரு ஜட்கா பேசினேன். நாள் முழுதுக்கும் ஒன்றே முக்கால் ரூபாய். வண்டிக்காரர் பெயர் காசிம். மாம்பலம் இரண்டரை மைல். அங்கே தியாகராய நகர் என்று புதிதாக வீடுகள் எழும்பியிருக்கின்றன. அகலமான தெருக்கள், நிழலுக்குத்தான் மரம் இல்லை. பதினொன்றரைக்கு ஒரு கதர்ச் சட்டைக்காரர் வீட்டில் மாடிப் போர்ஷன் பார்த்தோம். இந்தத் தடவை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன்.

"நம் ஜனங்களை அங்கே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருத்தியை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்" என்றார் அவர்.

"வெட்ட வந்தவர்களும் பர்மியர்கள்தான், ஐயா. நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது வாசலை மறித்து நின்று, 'உள்ளே இருப்பது என் அக்கா, என்னைத் தாண்டிப் போங்கள்' என்று சொன்னவளும் பர்மியப் பெண்தான். அவர்கள் திரும்பிப் போனார்கள். மறுநாள் வந்து இவள் வீட்டைக் கொளுத்தினார்கள். நீங்கள் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாமா?"

அவர் கேட்டைச் சாத்தினார்.

அங்கிருந்து அடையாறு மூன்றரை மைல். மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் மா கின் வாயைத் திறந்தாள். "அக்கா, நீ மாமி வீடு போ. நான் கப்பல் போறேன்."

"கப்பல்ல போய் எந்த வீட்டுல இறங்குவே?" என்று கேட்டேன். அவள் வாசலில் நின்று ஊரறியச் சொன்ன உறவை, ஒரு பின்கட்டுக்காக நான் காலையில் மறைத்தேன். தலை முழுக வேண்டியது மாமி இல்லை, நான்தான் என்று அப்போது பட்டது.

அடையாற்றில் ஆற்றோரத் தோட்ட வீட்டின் காவல்காரர், மா கின் பர்மாக்காரி என்று நான் சொன்னதுமே வீடு போய்விட்டது என்றார். "வாடகைக்கு" என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மணி மூன்றேகால்.

"இன்னாமா, காலைலேர்ந்து வூடு வூடா சுத்திகினு கீறீங்க" என்றார் காசிம். "சாந்தோம்ல மீன் விக்கிற அந்தோணியம்மா கிட்ட ஒரு ரூம்பு கீது. கேட்டுப் பாக்கலாமா? நாத்தம்னு அப்பால என்னைத் திட்டக் கூடாது."

இரண்டரை மைல். நாலு மணிக்குச் சேர்ந்தோம். மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த ஓட்டு வீடு. அந்தோணியம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் இன்னா ஒறவு?"

"இவள் என் தம்பி பெண்டாட்டி. பர்மாக்காரி."

"அப்ப நீ நாத்தனாரு." கூடையை வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே ரூம்புல இருக்கப் போறீங்களா? தம்பியும் இல்லாம? அதாம்மா எனக்குச் சந்தேகமா கீது. நான் என் நாத்தனாரோட ஒரு நாள் இருந்ததில்ல."

காசிம் சிரித்துவிட்டார். அன்று முதல் தடவையாக மா கின்னும்.

வாடகை ஐந்து ரூபாய். மா கின்தான் பணத்தைக் கொடுத்தாள், வலது கையை நீட்டி, இடது கையை முழங்கையில் வைத்து.

"கையில இன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மா கின்னே சொன்னாள்: "மரியாதை."

"மரியாதை கெடக்கட்டும். ஒண்ணாந்தேதியானா துட்டு வந்துடணும்" என்று சொல்லி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஐந்தரைக்குச் சத்திரத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டோம்.

நடந்தது இவ்வளவுதான். மீன் வாடை எனக்கு ஒரு வாரம் தலைவலி கொடுத்தது, பிறகு பழகிவிட்டது. உப்புக் காற்றில் டிரங்குப் பெட்டி துருப்பிடிக்கும், தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். ஜட்காவை நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் காலையிலேயே கிளம்புங்கள்.

கூட வந்தவர் யார் என்று வீட்டுக்காரர்கள் நிச்சயம் கேட்பார்கள். கணவனோ, மனைவியோ, மருமகளோ, கப்பலில் பழக்கமான சிநேகிதியோ, யாராக இருந்தாலும் உள்ளபடி சொல்லுங்கள். மென்று விழுங்காதீர்கள், திருநெல்வேலிக்கு மாற்றாதீர்கள். கதவு சாத்தினால் சாத்தட்டும், ஜட்கா வாசலில்தானே நிற்கிறது. ஆனால் காபி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.