நான் மறைத்த முட்டிவலி

துபாயில் ஒரு கால்பந்து கிளப்பில் எனக்கு ஜெர்சி துவைக்கிற வேலை. பூட்ஸ் துடைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, ஆட்டக்காரர்களுக்கு ஐஸ் கட்டிவிடுவது எல்லாம் அதிலேயே சேர்த்தி. அதற்கு முன்னால் ஆறு வருஷம் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி மார்பிள் சுமந்தவன். பந்தாட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோல் விழுந்தால் கத்த வேண்டும் என்பதுதான்.

அந்த சீசனுக்கு ஸ்லோவேனியாவிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தார். முப்பத்தாறு வயது. அப்படி ஒரு நாடு இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மனுஷனுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஐஸ் கட்டிய காலோடு துணி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நானும் நிலைகொள்ளாத ஆள்தான். பத்தடி அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் இடித்துக்கொள்ளாமல் நடந்ததே பெரிய வித்தை.

எங்கள் பேச்சு பாதி அரைகுறை ஆங்கிலம், மீதி கை ஜாடை. நடந்துகொண்டே தன் கதையைச் சொல்வார். பதினேழு வயதில் சொந்த ஊர் கிளப். அப்புறம் ஆஸ்திரியா, துருக்கி, சைப்ரஸ், கடைசியில் இங்கே. நடுவில் ஒரு நல்ல வருஷம், நாட்டு அணிக்கே ஆடியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் நிற்பார். எந்த வீட்டிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லையாம். சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்றாலும், கான்ட்ராக்ட் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டிய விஷயத்தில் அவரும் எங்களில் ஒருத்தர்.

அவருக்கு வலது முட்டி கெட்டுக்கொண்டே வந்தது. தினமும் மூன்று தடவை ஐஸ் கட்டுவேன். கட்டை அவிழ்த்தால் முட்டி பன் மாதிரி உப்பியிருக்கும். சீசனில் ஒரே ஒரு மேட்ச்தான் பாக்கி. அதுவரை அந்தக் கால் தாங்குமா என்று எனக்குப் பதைப்பு. தாங்காது என்று கிளப்புக்குத் தெரிந்தால் அவரைத் தூக்கிவிடுவார்களே என்பது அதைவிடப் பெரிய பதைப்பு.

கேம்ப்பில் வலியை வெளியே சொல்ல மாட்டோம். என் ரூமில் இருந்த பட்டுக்கோட்டைக்காரர் ஒருத்தர் ஃபோர்மேனிடம் இடுப்பு வலி என்று வாய் தவறிச் சொன்னார். அடுத்த வாரம் கையில் ஊருக்கு டிக்கெட். அன்றிலிருந்து யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும் எங்கள் ரூமில் ஒரே பதில்தான்: வலியா, மாஃபி, இல்லவே இல்லை. காய்ச்சலில் கிடந்தவர்களுக்காக எத்தனை தடவை "நல்லாத்தான் இருக்கான், பாத்ரூம் போயிருக்கான்" என்று சொல்லியிருப்பேன். அதைப் பொய் என்றே நான் நினைத்ததில்லை. கூட இருக்கிறவனுக்குச் செய்கிற உதவி, அவ்வளவுதான்.

மேட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் துணி அறைக்கே வந்துவிட்டார். எகிப்துக்காரர். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆள். "அவருக்கு நீ ஐஸ் கட்டுறியா? முட்டி வீங்குதா?" என்று கேட்டார்.

ஐஸ் பெட்டியைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

"மாஃபி டாக்டர். ஐஸெல்லாம் இல்ல. ஆளு நம்பர் ஒன்!"

கலாஸ், சரி முடிந்தது என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். ஸ்ட்ரைக்கரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் இடைவேளைகூட வரவில்லை. பந்துக்காகத் திரும்பியவர் அப்படியே சரிந்தார். யாரும் மோதவில்லை. அவர் போட்ட சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய பையை நான்தான் கொண்டுபோனேன். இனிமேல் ஆடவே முடியாது, நடையும் பழையபடி இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அந்த மனுஷன் அசையாமல் படுத்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நான்தான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

"டாக்டர் உன்கிட்ட வந்து கேட்டாரா?" என்றார்.

கேட்டார் என்றேன்.

"நீ என்ன சொன்ன?"

சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு துண்டு துண்டாக விஷயத்தைச் சொன்னார். வலி தாங்க முடியவில்லை, இந்த மேட்ச் வேண்டாம், ஆட்டத்தையே இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று மேட்ச்சுக்கு முந்தின நாளே டாக்டரிடமும் கிளப்பிலும் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். ஸ்கேனில் தெரிவது பழைய தேய்மானம்தான், ஊருக்குப் போகிற அவசரத்தில் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவரை யாரும் நம்பவில்லை.

"அதனாலதான் சொன்னேன்," என்றார். "என்னை நம்ப வேண்டாம். துணி ரூம்ல இருக்கிறவனைக் கேளுங்க, அவன் பொய் சொல்ல மாட்டான்னு."