ஐந்தாவது டிரம்

சாயப்பட்டறையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறக்கும்போதே நோஞ்சானாக இருந்தாள் என்று வீட்டில் வைத்த 'பூஞ்சை' என்ற பட்டப்பெயர் பட்டறை வரைக்கும் கூடவே வந்துவிட்டது. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று கேலி செய்தவர்கள், ஒரு நாளைக்கு அவள் எத்தனை வாளி தூக்குகிறாள் என்று பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பார்கள்.

கழிவுநீர்ப் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருஷம். அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியது என்பதை அவள் நகக்கண்ணைப் பார்த்தே மகள் சொல்லிவிடுவாள். கால்வாயில் போகும் தண்ணீருக்கும் அதே நிறம்தான். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வரும் நாளில் மட்டும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி நிறத்தை எடுப்பார்கள். பதிவேட்டில் 'தெளிந்தது' என்று எழுதி அவள் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்தை நினைத்தால் அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வரும்.

போன வருஷம் கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர், மட்கிய மரத்தில் படரும் வெள்ளைப் பூஞ்சையை மரத்தூள் நிரப்பிய ஐந்து டிரம்களில் வளர்த்துக் காட்டினார். அது சுரக்கும் நொதி சாயத்தையே உடைத்துப் போட்டுவிடும். மூன்று மாதத்தில் ஆராய்ச்சி முடிந்து அவர் போய்விட்டார். இவள் விடவில்லை. ஈரம் பார்த்து, சூடு பார்த்துக் கைப்பிள்ளை மாதிரி வளர்த்தாள். கருநீலமாக உள்ளே போன தண்ணீர் இரண்டு நாளில் வெளிர்மஞ்சளாக வந்தது. பூஞ்சைக்குப் பூஞ்சைதான் ஜோடி, நான் சும்மா என்று கணவர் சிரித்தார்.

இந்தத் தடவை அதிகாரியின் ஆய்வுக்கு முதல்நாள் அவள் விடுப்பு. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நான்கு டிரம்கள் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன. துப்புரவு மேற்பார்வையாளர் பெருமையோடு வந்து, உள்ளே எல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தது, பிளீச்சிங் போட்டுத் தேய்த்துவிட்டோம் என்றார். பம்ப் அறைக்குப் பின்னால் சாக்கு மூடியிருந்த ஐந்தாவது டிரம் மட்டும் தப்பியிருந்தது.

மேலாளர் வந்தார். வழக்கம்போல் பவுடரைக் கொட்டிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"கொட்ட மாட்டேன் சார். அதுல நிறம்தான் போகும், விஷம் போகாது. பொய்க் கையெழுத்து இனிமே என்கிட்ட கிடையாது."

சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, 'தெளியவில்லை. நான்கு டிரம்கள் கழுவப்பட்டன. ஒன்று உயிரோடு இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பிளீச்சிங் வாடை போக நான்கு டிரம்களையும் மூன்று தடவை அலசினாள். புது மரத்தூளைக் கொட்டி, ஐந்தாவதிலிருந்து வெள்ளைக் கட்டிகளைப் பிட்டுப் பிட்டுக் கலந்தாள்.

அதிகாரி வந்தபோது அவள் கை முழங்கைவரை வெள்ளையாக இருந்தது. அது என்ன என்று அவர் கேட்டார்.

"வெறும் பூஞ்சை சார்," என்று மேலாளர் முந்திக்கொண்டார். "ஒண்ணுத்துக்கும் ஆகாது. இன்னைக்கே தூக்கிப் போட்டுடுறோம்."

அவள் நிமிர்ந்தாள்.

"பூஞ்சை நான்தான் சார். பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன். என்னைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க."

கக்கத்தில் இடுக்கியிருந்த பதிவேட்டை எடுத்தாள். மேலாளர் கையை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டி அதிகாரியிடம் கொடுத்தாள்.