அளக்காம போட்ட ரீடிங்

என் பொண்ணு நோட்டுல விழுந்த ஓட்டையிலேர்ந்துதான் இதெல்லாம் ஆரம்பிச்சுது. அஞ்சாவது படிக்கிறா. ஸ்கூல் மீட்டிங்ல டீச்சர் நோட்டைத் தூக்கிக் காட்டினாங்க. எழுதறது, ரப்பரால அழிக்கிறது, திரும்ப எழுதறது, திரும்ப அழிக்கிறது. பேப்பர் தேஞ்சு கிழிஞ்சு அந்தப் பக்கம் தெரியுது. "நல்லாத்தான் சார் எழுதறா. ஆனா யாருக்கும் காட்ட மாட்டேங்கறா. ஏன்னு கேட்டா, அப்பா பாத்தா தப்பு கண்டுபுடிப்பாருன்றா"ன்னாங்க.

எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. சத்தியமா நான் அவளை ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு வார்த்தை திட்டினதில்ல. ஆனா யோசிச்சுப் பாத்தா, அவ நோட்டைக் கொண்டாந்து என்கிட்ட காட்டி ஒரு வருஷம் இருக்கும். பக்கத்துல போனா கையால மூடிக்குவா. இப்படியே போனா இவ வளந்தப்புறம் எதையுமே என்கிட்ட சொல்ல மாட்டாளேன்னு பயம் புடிச்சுகிச்சு.

என் வேலை அப்படி. கும்மிடிப்பூண்டியில இரும்பை உருக்கி மண் அச்சுல ஊத்தி வால்வு வார்க்கிற ஒரு கம்பெனியில குவாலிட்டி பாக்கறேன். தப்பு கண்டுபுடிக்கத்தான் சம்பளமே. ஆனா ஒண்ணு, பீஸ்ல ஓட்டை இருந்தா நாங்க பீஸைத் திட்ட மாட்டோம். மண்ணுல கோளாறா, உருக்கினதுல கோளாறா, அச்சுலயான்னு தோண்டிகினே போவோம். அப்போ என் கோளாறு எங்கேர்ந்து வந்துதுன்னு பாக்கணும்னு ஒரு குறுகுறுப்பு. போன்ல தேடினப்போதான் ஸ்கீமா தெரபின்னு ஒரு மனசு வைத்தியம் கண்ணுல பட்டுது. சின்ன வயசுல மனசுல ஒரு அச்சு உறைஞ்சு போயிடுதாம். அதுக்கப்புறம் எது வந்தாலும் அந்த அச்சுலயே ஊத்திகினு இருக்கோமாம். அட, இது நம்ம டிபார்ட்மெண்ட் ஆச்சேன்னு தோணுச்சு. ஒரு புக்கு வாங்கிப் பாதி படிச்சேன். மீதி தலைமேல போச்சு. அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ கால்ல இந்தத் தெரபி பண்ற ஒரு மேடத்தைப் புடிச்சேன்.

மேடம் முதல்ல ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க. எழுபது எண்பது கேள்வி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் நம்பர் போடணும். சுத்தமா பொருந்தலன்னா ஒண்ணு, அப்படியே என்னைப் பத்திதான்னா ஆறு. திருவள்ளூர்ல கம்பெனி பஸ் ஏறினவன், பெரியபாளையம் வர்றதுக்குள்ள மொத்தத்தையும் முடிச்சுட்டேன். சனிக்கிழமை மேடம் பாத்துட்டு, "எல்லாமே நடுவுலயே இருக்குங்களே சார்"னு மட்டும் சொன்னாங்க. நமக்குப் பெருசா ஒண்ணும் இல்லபோலன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

திங்கக்கிழமை ரெண்டாவது ஷிஃப்ட்டோட இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் டேபிளுக்கு வந்துது. இருபது பீஸு, இருபதும் கோடு போட்ட மாதிரி ஒரே அளவு. பாத்த ஒடனே எனக்குக் கோவம் ஏறிடுச்சு. நெஜமா அளந்தா அப்படி வராதுங்க. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும், ஒண்ணு ரெண்டு எசகுபெசகா நிக்கும். "யோவ், இன்னாய்யா இது? அளக்கிற வெர்னியரைக் கையில எடுத்தியா இல்ல உக்காந்த எடத்துலயே போட்டியா?"ன்னு எழுதினவரைப் புடிச்சுக் கத்தினேன். அவரும் என் வயசுக்காரர்தான். கத்திகினு இருக்கும்போதே என் ஃபார்ம் ஞாபகம் வந்துது. மூணு, நாலு, மூணு, மூணு, நாலு. ஒரு கேள்விக்கும் நான் என்னை அளக்கவே இல்ல. எதுவும் ரிஜெக்ட் ஆகக் கூடாதுன்னு நடுவுலயே போட்டுகினு போயிருக்கேன். அவர்கிட்ட, "சரி போய்யா"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். சிரிப்பு வந்துது, மானமும் போச்சு.

அடுத்த சனிக்கிழமை மேடத்துக்கிட்ட ஒத்துக்கினேன். அவங்க கோச்சுக்கல. "கண்ணை மூடுங்க. உங்க பொண்ணு நோட்டை மூடும்போது மனசுல என்ன வருதோ, அதோடயே சின்ன வயசுக்குப் போங்க"ன்னாங்க. பெல்ட்டு, அடி, அழுகைன்னு ஏதாவது வரும்னு பாத்தேன். வந்தது எங்க நைனா. ஆர்.கே.பேட்டை பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்புடுவோம். நான் மண்வெட்டியால வரப்புக்கு மண்ணு அணைச்சுகினே போறேன், அவர் பின்னாலயே வந்து நான் அணைச்சதை மறுபடி அணைக்கிறார். திட்டல. மூஞ்சியைக்கூடச் சுளிக்கல. இவ்ளோதானான்னு எனக்கு ஆச்சரியம். திட்டினாக்கூட எதுத்துப் பேசலாம், பேசாம பின்னாலயே வந்து திருத்தறவரை இன்னா பண்றது? அப்போதான் ஒறைச்சுது. போன வருஷம் ஜூன் மாசம் பொண்ணு ஆசையா அவளே புக்குக்கு அட்டை போட்டு வெச்சிருந்தா. நான் ஒண்ணும் சொல்லாம அதைப் பிரிச்சு, மூலை மடிப்பைச் சரி பண்ணித் திரும்பப் போட்டேன். அவ பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தா.

ஃபார்மை மறுபடி நெரப்ப ஒக்காந்தேன். கை தானா மூணுக்கே போவுது. கம்பெனியில ஒரு ரீடிங் மேல சந்தேகம்னா, அதே பீஸை வேற ஒருத்தரை அளக்கச் சொல்லுவோம். சம்சாரத்துக்கிட்ட நீட்டினேன். "பதினாலு வருஷமா உனக்கு மார்க்கு வாயால போட்டுகினுதானே இருக்கேன், இதுல வேற எழுதித் தரணுமா? பேஜாரு பண்ணாத, போ"ன்னு அடுப்புப் பக்கம் திரும்பிட்டா. பொண்ணுதான், "நான் போடட்டுமா?"ன்னா. மேடம் கிட்ட கேக்காம செஞ்சேன், தப்புதான். ஆனா அவளே வந்து பக்கத்துல உக்காந்ததை விட மனசு வரல.

நான் ஒவ்வொரு கேள்வியாத் தமிழ்ல சொன்னேன். அப்பாவைப் பத்திப் போடுன்னேன். அவ ரப்பரைத் தொடவே இல்ல. ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, ஆறுன்னு ஏறுது, எறங்குது. பாக்கவே ஆசையா இருந்துது, இதுதான்டா ரீடிங்னு. நடுவுல ஒரு கேள்வி வந்துது. "எவ்ளோ நல்லா செஞ்சாலும் இன்னும் பத்தலன்னு தோணும்." அவ பென்சிலை நிறுத்திட்டா.

"இது உன்னைப் பத்தியா, என்னைப் பத்தியாப்பா?"

"உன்னைப் பத்தின்னா இன்னா போடுவே?"ன்னு கேட்டேன். அவ யோசிக்கவே இல்ல. ஆறு போட்டா.

அடக்கிப் பாத்தேன், முடியல. தண்ணி கண்ணுலேர்ந்து எறங்கிடுச்சு. அவ என் மூஞ்சியைப் பாத்தா, பேப்பரைப் பாத்தா. கை ஃபார்மை மூடப் போவுது.

"தப்பாப் போட்டுட்டேனாப்பா?"

"இல்லடா கண்ணு"ன்னேன். "கரெக்டாப் போட்டிருக்கே."