அண்ணனின் வைத்தியமும் ஆர்.ஐ. மாமாவும்

அந்த ஓ.பி. சீட்டு வெளிர் மஞ்சள் நிறம். மேலே அண்ணனின் பெயர், வயது, ஊர். கீழே ‘திங்கள், புதன், வெள்ளி, காலை 10 முதல் 1 வரை’ என்று பேனாவில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மாமா அதை மதினியின் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பத்திரம் பார்ப்பதுபோல் தள்ளிப் பிடித்துப் படித்தார். நான்காக மடித்தார். திருப்பிக் கொடுப்பார் என்று மதினி கையை நீட்டியபடி நின்றார். மாமா அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாமா எங்கள் அம்மாவின் அண்ணன். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் உறவுக்குள் ஆர்.ஐ. மாமா. யார் வீட்டுக் கல்யாணமானாலும், யார் தோட்டத்தில் போர் போட்டாலும், பாகப்பிரிவினை என்றாலும் அவர் சரி என்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்தபோது மனு கொடுக்க வந்தவர்களை எப்படி நிற்க வைத்தாரோ அப்படித்தான் எங்களையும் நிற்க வைத்தார். நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன். காலையில் முத்திரையில் தேதியை மாற்றி வைப்பதுதான் அங்கே முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டில் நடப்பதையும் நாள், கிழமையோடு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த நோட்டுகளில் உள்ளது. மாமாவின் மேல் எனக்குப் பிரியம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக எந்த நாளையும் முன்பின்னாக மாற்றவில்லை.

அண்ணனுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். குடி முதலில் சாயங்காலத்தில் இருந்தது, பிறகு விடியற்காலைக்கு வந்தது. கவாத்து வெட்டும் கத்தரியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. அதோடு இன்னொன்றும் இருந்தது. தூக்கம் கிடையாது. மோட்டாரைப் போடப் போனவன் போடாமலே மோட்டார் ரூமில் உட்கார்ந்திருப்பான். “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நல்லது” என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அந்த வாரம் மதினி என் வீட்டுக்கு வந்தார். “குடிய மட்டும் பாத்தா ஆகாது தம்பி. குடிக்காத நாள்லதேன் எனக்கு இன்னும் பயமா இருக்கு” என்றார். எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது.

நானும் மதினியும் மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்தோம். நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டிக்கொண்டு போனேன்: பஸ்ஸில் எவ்வளவு நேரம், டாக்டர் தினமும் இருப்பாரா, மனசுக்கும் குடிக்கும் ஒரே இடத்தில் பார்ப்பார்களா, வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுவார்களா. மதினி எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார். “மறுபடி குடிச்சுட்டா என்ன செய்வீக?” மதுரையில் இருந்த இடம் நல்ல இடம்தான். ஆனால் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் வந்தால் தோட்டம் காடாகிவிடும். பக்கத்து ஊரில் ஒருவர், முன்பு தானே குடித்தவர், நடத்திய இடத்தில் டாக்டர் இல்லை. “எங்கிட்ட வந்தவன் மறுபடி தொட்டா கேட்டத் தாண்டி உள்ள விடமாட்டேன்” என்று பெருமையாகச் சொன்னார். மூன்றாவது இடம் தேனியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில். அங்கே இருந்த நர்ஸம்மா மலையாளம் கலந்து பேசுகிறவர். மதினி கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “குடிச்சாலும் வரணும் கேட்டோ. குடிச்ச அன்னைக்குத்தான் கண்டிப்பா வரணும். அத மறைக்கணும்னு வீட்டுல இருந்துட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது.” படி இறங்கும்போது மதினி, “இங்கனயே போதும் தம்பி” என்றார். என் கட்டங்களில் பாதி இன்னும் நிரம்பவில்லை. நோட்டை மூடிவிட்டேன். இவ்வளவு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று டாக்டர் முதலில் ஒரு வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் போய் வருகிற சிகிச்சை. அதற்கான சீட்டைத்தான் மாமா பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நோவுன்னா படுக்கணும். போயிட்டுப் போயிட்டு வாரதுக்குப் பேரு வைத்தியமா, டியூசனா?” என்றார் மாமா.

மதினிக்கு அவர் பெரியப்பா முறை. “டியூசன்னே வச்சுக்கங்க பெரியப்பா. பாஸானாச் சரி.”

மாமா என் பக்கம் திரும்பினார். “மெண்டல் டாக்டர் வீட்டு மாடிப்படியில வாரத்துக்கு மூணு நா ஏறி எறங்குவான், ஊரு பாக்கும். எம் பேத்திக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன், தெரியும்ல? திண்டுக்கல் பக்கம் ஒரு எடம் இருக்கு. ஒரு வருசம் உள்ள போட்டுப் பூட்டிருவாக. கேக்குறவுகளுக்குத் திருப்பூர்ல வேலைன்னு சொல்லிக்கிறலாம்.”

அண்ணன் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாமாவின் முகத்தைப் பார்க்காமல், “எட்டு அஞ்சுக்கு பஸ்ஸு. சீட்டு இல்லாட்டியும் ஏத்துவான் மாமா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன். தேனியில் நர்ஸம்மா வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார், பழையது எங்கே என்று கேட்கவில்லை.

பதினோரு வாரம் அண்ணன் ஒருநாள் தவறாமல் போனான். மருந்து அடிக்கிற நாளில் வெளுக்கும் முன்பே தோட்டத்துக்குப் போய் அடித்து முடித்து, குளித்து, அதே பஸ்ஸைப் பிடித்தான். அங்கே எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம். முதல் வாரம் வாயே திறக்கவில்லை என்றான். மூன்றாவது வாரம், எங்கள் அப்பா செத்த அன்று தான் எங்கே இருந்தான் என்பதை அங்கே சொன்னதாகச் சொன்னான். எனக்கு இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டர் ஒரு மாத்திரையைப் பற்றி விளக்கினார். அதைச் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் சாராயம் ஒரு கரண்டி போனாலும் உடம்பு தாங்காது, அவராகச் சம்மதித்தால்தான் கொடுப்போம் என்றார். அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். சனிக்கிழமைகளில் வீட்டு ஆட்களுக்கான வகுப்பு. குடும்பத்தில் சொல் செல்லுகிறவர் யாரோ அவரையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். மாமாவைக் கூப்பிடப் போனேன். “எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு, அங்கன வந்து ஒக்கார?” என்றார். சரி, வராவிட்டாலும் தெரிந்திருக்கட்டும் என்று அந்த மாத்திரையைப் பற்றி நின்றபடியே முழுவதும் சொன்னேன். ஒரு கரண்டி என்பதை இரண்டு முறை சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் “சரி சரி” என்றார். சனிக்கிழமை, மாலை ஐந்தேகால். எனக்குத் தெரியாது என்று பின்னால் அவர் பல இடங்களில் சொன்னதால் நேரத்தையும் எழுதுகிறேன்.

அண்ணனின் முகம் தெளிந்து வருவதை ஊர் கவனிக்க ஆரம்பித்ததும் மாமாவும் கவனித்தார். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கருப்பசாமிக்குத் தான் நேர்ந்துகொண்டதால்தான் அண்ணன் தெளிந்தான் என்றார், ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டு என்று அறிவித்தார். எங்கள் கருப்பனுக்குப் படையலில் சுருட்டும் ஒரு பாட்டிலும் உண்டு. பூசை முடிந்ததும் படைத்ததில் முதல் பங்கை ஒரு வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றி, யாருக்காக நேர்ந்தார்களோ அவருக்குக் கொடுப்பது வழக்கம். வேண்டாம் என்றால் சாமியை வேண்டாம் என்றதாகும். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது அண்ணனுக்கு வரும் என்று யோசிக்காமல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மாமா கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் மாத்திர சாப்புடுறேன்.”

“ஏலே, இது குடியில்ல. சாமி குடுக்குறது. கருப்பனுக்கு முன்னாடி மாத்திர என்ன மாத்திர?”

சுற்றிலும் நாற்பது பேர் நின்றார்கள். நான் கூப்பிட்டபடி ஓடுவதற்குள் கிண்ணம் காலியாகிவிட்டது.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. அண்ணனின் கழுத்தும் முகமும் செக்கச்செவேல் என்று ஆயின. மூச்சு வாங்கியது. உடம்பு உதறியது. பின்வரிசையிலிருந்து ஒரு அத்தை, “கருப்பன் எறங்கிட்டான், ஆத்தா” என்று கைகூப்பினார். உறுமிக்காரர் அடியை மாற்றி வேகமாக அடித்தார். நாற்பது பேரும் அண்ணனுக்கு வழிவிட்டு விலகி நின்று கும்பிட்டார்கள். மாமா திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் பூசி, “கேளு, கேளு, சாமி வாக்குச் சொல்லும்” என்றார். மதினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மாமாவின் கையைத் தட்டிவிட்டார். “சாமியும் இல்ல, பூதமும் இல்ல. மருந்து. ஜீப்ப எடுக்கச் சொல்லு தம்பி” என்றார். உறுமி அப்போதும் நிற்கவில்லை. அண்ணன் வாந்தி எடுத்துக் கீழே விழுந்த பிறகுதான் நின்றது.

ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மாமா வந்து பார்க்கவில்லை. அவனுக்கு உடம்பு பலகீனம், படையல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவருக்கு அண்ணன் பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தன் கையால் பிழைத்தான் என்று இருக்க வேண்டும், அதுதான் அவருக்கு. அதற்காக அவன் சாகக் கிடக்கிற அளவுக்குப் போனார்.

புதன்கிழமை அண்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். “பதினோரு வாரமும் போச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் படியில ஏறுறது?” என்றான். நான் பயந்தது மாத்திரைக்கோ சாராயத்துக்கோ அல்ல, அந்தப் படுக்கைக்கு. மறுபடியும் மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துவிடுவானோ என்று. மதினி கெஞ்சவில்லை. வாசலில் வெங்காயம் உரித்தபடியே உள்ளே கேட்கிற மாதிரி, “குடிச்ச அன்னைக்கு வரணும்னுதேன் அந்தம்மா சொன்னாக. நீங்க ஏற்கெனவே மூணு நா லேட்டு” என்றார். பிறகு அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது, இருமல் மாதிரி. வெள்ளிக்கிழமை போனோம். நர்ஸம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வந்துட்டீங்கல்ல, போதும். போய் உக்காருங்க” என்றார்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. அண்ணன் இப்போது மாதம் ஒருமுறை தேனிக்குப் போகிறான். தோட்டம் நன்றாக இருக்கிறது. மாமாவுக்கு எண்பது வயது. கல்யாண வீடுகளில் அண்ணனைத் தோளில் தட்டி, “கருப்பனும் நானும் சேந்து இழுத்துட்டு வந்தது இவன” என்று சொல்கிறார். சதாபிஷேகத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். நாள் தேதியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லி, குடியிலிருந்து அண்ணனை மாமா மீட்டதைப் பற்றி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார் மாமாவின் மகன். எனக்கு எழுத வந்தது இதுதான்.

கிழமைகளைச் சரிபார்க்கச் சொல்லிப் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கொடுத்தேன். கொடிப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தான். ஒரு இடத்தில் வியாழன் என்றிருந்ததைப் புதன் என்று திருத்தினான். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

“எல்லாம் சரி. ஒண்ண விட்டுட்ட. கிண்ணத்த நீட்டுனது அவுக. வாங்குனது நான். காலியாயிருச்சுன்னு எழுதியிருக்க. தானாவா காலியாச்சு?”

“சுத்தி நாப்பது பேர நிறுத்தி வச்சுல்ல குடுத்தாரு” என்றேன்.

“நின்னாக. எவனும் எங் கையப் புடிச்சு வாயில வைக்கல. ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சான்னு எழுது. அத அங்கன வட்டத்துல சொல்லி முடிக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. நீ ஒரு வரியில மறைக்காத.”

அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: மாமா நீட்டிய கிண்ணத்தை அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். மாமாவைப் பற்றி எழுதியதில் ஒரு வரியையும் நான் எடுக்கவில்லை. நாளைக் காலைத் தபாலில் மலர்க் குழுவுக்கு அனுப்புகிறேன்.