ஒழுகாத கொட்டில்

எங்கள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் கோபம். யாழ்ப்பாணத்தில் இப்படிச் சொன்னால் இரண்டு பேரும் கதைப்பதில்லை என்று அர்த்தம். எதற்காக, எத்தனை வருடமாக என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு கலியாண வீட்டில் யார் முதல் பந்தியில் இருந்தார், யாரை இருக்கச் சொல்லவில்லை என்பதில் தொடங்கியதாகக் கேள்வி. மாமா அம்மாவின் ஒரே அண்ணன். சைக்கிளில் பதினைந்து நிமிடத் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் அம்மா அங்கே போவதில்லை, அவர் இங்கே வருவதில்லை. வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசியும் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் இதற்கு விலக்கு. நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்து மூலையில் ஒரு கொட்டில் இருந்தது. தண்ணீர் இறைக்கும் மெசினும் உரப்பைகளும் அதற்குள்தான். தூணுக்குப் பூவரசங் கப்பு, கூரைக்குத் தென்னோலை முடைந்த கிடுகு. மாரிக்கு முன்னர் பழைய கிடுகைக் கழற்றிப் புதிதாக வேய வேண்டும். வேய்கிற நாளில் சொந்தக்காரர் கூப்பிடாமலே வந்து கைகொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோபக்காரரும் வரவேண்டும், வராவிட்டால் ஊர் கதைக்கும். ஊருக்குப் பயந்தோ என்னவோ, மாமா விடியவே வந்துவிடுவார். அப்பா கூரையில், மாமா கீழே, நடுவில் நான்.

“பிள்ளை, கிடுகு காணுமோ எண்டு கொப்பரைக் கேள்,” என்பார் மாமா, அப்பாவின் காலுக்கு நேர்கீழே நின்றுகொண்டு.

“காணாதெண்டு சொல்லு பிள்ளை,” என்பார் அப்பா.

கிடுகு போதுமா என்ற கேள்வியையும் போதாது என்ற பதிலையும் நானும் ஓர் எழுத்துக் குறையாமல் ஒப்புவிப்பேன். என்னை விட்டால் கொட்டில் எழும்பாது என்றொரு நினைப்பு எனக்கு.

மத்தியானம் அம்மா ஒடியற்கூழ் காய்ச்சி, பிலாவிலையைக் கோலி மாமாவிடம் கொடுத்து வார்த்துக்கொண்டே நிற்பார். “காணும் தங்கச்சி” என்று அவர் சொன்ன பிறகும் வார்ப்பார். வருடம் முழுவதற்கும் அம்மாவுக்கு அண்ணை கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கறையான் தின்ற கப்பு ஒன்று முறிந்து மெசினின் மேல் விழுந்தது. அப்பாவுக்கு வெறுத்துவிட்டது. இனிக் கரைச்சலில்லாத கொட்டில்தான் என்று சொல்லி, என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக்குப் போனார். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். மரச் சட்டத்தைக் கறையான் தின்னும், ஓட்டில் தேங்காய் விழுந்தால் உடையும், வெறும் தகரம் கறள் பிடிக்கும் என்று அப்பா கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் சீமெந்துக் கல், இரும்புச் சட்டம், நிறம் பூசிய தகரம் என்று முடிவானது. நிறத்தை என்னைத் தெரிவுசெய்யச் சொன்னார். நான் நீலம் என்றேன். பெரிய ஆளாகி வீடு திரும்பினேன்.

அம்மா சம்மதிக்கவில்லை.

“தகரம் வெக்கை எல்லோ. உரம் கட்டிபட்டுப் போகும்.”

“மேலை ரெண்டு வரி ஓட்டை வைச்ச பூக்கல் வைச்சால் காத்து வரும்.”

“மழை பெய்தால் காது அடைக்கும்.”

“மெசினுக்குக் காதில்லை,” என்றார் அப்பா.

நான் அப்பாவின் கட்சி. “கிடுகெண்டால் வருசா வருசம் வேய வேணும் அம்மா!” என்று அவருக்குத் தெரியாததைச் சொல்வதுபோலச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்த வாயில் ஒன்று போடலாம் போலிருக்கிறது.

அம்மா, “இஞ்சருங்கோ, அண்ணைக்கு ஒரு சொல்லுச் சொல்ல வேண்டாமோ?” என்று கேட்டார்.

“மேசன் கட்டுற வேலைக்கு உவர் என்னத்துக்கு?”

மேசன்மார் இரண்டு பேர் நான்கு நாளில் கட்டி முடித்தார்கள். தகரத்தில் திருகாணி ஒவ்வொன்றுக்கும் கீழே றப்பர் வாசர் போட்டிருந்தது. அப்பா அதை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. அம்மா குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். கொட்டிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். திருகாணி திருகாணியாகப் பார்த்தார். சுவரும் கூரையும் சேருகிற இடத்தை எட்டித் தடவினார்.

“அந்த மூலையைப் பார் பிள்ளை, ஈரம் கிடக்கோ?”

நான் உரப்பைகளில் ஏறி நான்கு மூலையும் தொட்டுப் பார்த்தேன்.

“ஒரு சொட்டும் இல்லை அம்மா!”

“வடிவாப் பார்.”

“வடிவாப் பாத்திட்டன். இது ஒரு நாளும் ஒழுகாது.”

அம்மா உரப்பையின் மேல் குந்திவிட்டார். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சந்தோஷத்திலும் ஆட்கள் அழுவார்கள் என்று அந்த வருடம்தான், பக்கத்து வீட்டு மாமி, மகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய அன்று அழுததைப் பார்த்து அறிந்திருந்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிப்போய், மூச்சிரைக்க அப்பாவிடம் சொன்னேன்:

“அப்பா, அம்மாவுக்குக் கொட்டில் நல்லாப் பிடிச்சிட்டுது!”